பதினோரு ஆண்டிச்சாமிகள்

“உலகத்துல எந்த மூலையில ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குப் புதுச் சட்டை மாட்டினாலும், மொதல்ல எங்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் மதினி மாட்டணும். நாப்பது நாடு! நான் சரின்னாச் சரி. நான் முடியாதுன்னா அம்புட்டுப் பேரும் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்” என்றார் கேபிள் ஆண்டிச்சாமி.

பரவை சந்தையில் மத்தியானம் இரண்டு மணி. காலைக் கூட்டம் கலைந்து, நாய்கள்கூட வைகாசி வெயிலுக்குப் பயந்து லாரிக்கு அடியில் குடியேறியிருந்தன. கடைக்குள் வெங்காயச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்த அன்னக்கொடி நிமிரவில்லை. கேபிள் ஆண்டிச்சாமி சொல்வதற்கெல்லாம் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்பது சந்தைக்கே தெரிந்த விஷயம்.

டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கேபிள் ஒட்டிய மனிதர். காளவாசலில் ஒருமுறை மெயின் கேபிள் அறுந்தபோது இரண்டு முனையையும் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாராம். அந்த அரை மணி நேரம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன பேச்சு முழுக்க அவர் கடைவாய் வழியாகத்தான் போனதாம். அதில் மூன்று கல்யாணம் நிச்சயமாயிற்றாம், ஒன்று நின்றுபோயிற்றாம். இன்னொருமுறை பள்ளம் தோண்டும்போது சுரங்கத்தில் விழுந்து, அழகர்கோயிலில் போய் எழுந்தாராம். ரிட்டையர் ஆனபின் இரண்டு சிறுநீரகமும் கெட்டன. அதையும் அவர் சும்மா விடவில்லை. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த இடது கையை, எதிரே வருகிறவர் காதில் வைத்து, “மோட்டார் ஓடுது கேளு. அஞ்சு குதிரைச் சக்தி. வைகையவே எறைச்சிரும்” என்பார். காதை வைத்தால் உள்ளே நிஜமாகவே கிர்ரென்று ஓடும். அவரிடம் இருந்த சங்கடமே அதுதான். ஆயிரத்தில் ஒன்று நிஜமாக இருந்து தொலைக்கும்.

“போங்க கொழுந்தனாரே. மோட்டாரப் போட்டு ஓட்டிக்கிட்டு வீடு போய்ச் சேருங்க” என்றாள் அன்னக்கொடி.

“சிரிக்க வைக்க வரல மதினி. சரண்யாதேவிய வரச் சொல்லிருக்கேன். இப்ப வந்துரும்.”

விளக்குமாறு நின்றது. சரண்யாதேவி யார் என்று அன்னக்கொடிக்குத் தெரியும். விளாங்குடி டயாலிசிஸ் சென்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஆக, இந்த நாற்பது நாட்டுப் பெருமை எந்தப் பாதையில் போய் எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எம்புருசன் சாவு ஒங்களுக்குக் கதை கட்டக் கெடைச்ச சரக்கா?”

கேபிள் ஆண்டிச்சாமி காலடியில் கிடந்த சருகைக் கட்டைவிரலால் ஒதுக்கினார்.

அந்தப் பங்காளிக் கூட்டத்தில் மொத்தம் பதினோரு ஆண்டிச்சாமிகள். குலசாமி பேரை மூத்த பிள்ளைக்கு வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பதினோரு வீட்டிலும் ஒரே பேர். அவர்களுடைய அப்பன்மார் அத்தனை பேரும் அதே கணக்கில் பெரியகருப்பன்கள். ஆகவே பதினோரு பேரும் பெ. ஆண்டிச்சாமி. இது போதாதென்று ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வேறு தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். எல்லாரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டவனுக்கெல்லாம் ஐந்து வயது. பிறந்த தேதி கேட்டால் ஒரு தாய்க்கும் தெரியவில்லை. ‘வெள்ளாமை அறுத்த பிறகு’ என்பாள் ஒருத்தி, ‘மாடு தொலைஞ்ச வருசம்’ என்பாள் இன்னொருத்தி. அவர் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்து, பதினோரு பேருக்கும் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஊருக்கு இதனால் ஒரு குழப்பமும் இல்லை. கேபிள் ஆண்டிச்சாமி, வெங்காய ஆண்டிச்சாமி, டிராக்டர் ஆண்டிச்சாமி, ரெட்டைச்சுழி ஆண்டிச்சாமி. முன்னால் ஒரு சொல் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. யார் மூத்தவர், யார் இளையவர் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அன்னக்கொடி வெங்காய ஆண்டிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று கேபிள் முந்திக்கொண்டு ‘மதினி’ என்று கூப்பிட்டுவிட்டதால், அவர் கொழுந்தனார் ஆகிவிட்டார்.

கேபிளுக்குச் சிறுநீரகம் கெட்ட மறு வருஷமே வெங்காயத்துக்கும் கெட்டது. இருவருக்கும் அதே விளாங்குடி சென்டர். வெங்காயத்துக்குச் செவ்வாய், வெள்ளி. கேபிளுக்குப் புதன், சனி. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடித்த தண்ணீர் தேங்கும். தேங்கியதை இயந்திரம் உறிஞ்சி, ஆளை அவருக்கென்று டாக்டர் குறித்த எடைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வெங்காயத்துக்கு ஐம்பத்து நாலு கிலோ. கேபிளுக்கு ஐம்பத்தாறு. “ஒங்களவிட ரெண்டு கிலோ கனமான ஆளு நானு, மரியாதையாப் பேசுங்க” என்று பங்காளியைக் கேபிள் நக்கலடித்துக்கொண்டே இருப்பார்.

போன செப்டம்பரில் வெங்காய ஆண்டிச்சாமிக்குக் கால் வீங்கியது. மாடிப்படி ஏறாமலே மூச்சு இரைத்தது. சென்டரில் நர்ஸ் அன்னக்கொடியைக் கூப்பிட்டு, “அம்மா, ஒங்க வீட்டுக்காரரு திருட்டுத்தனமாத் தண்ணி குடிக்கிறாரு. இப்டியே போனா நாங்க பொறுப்பில்ல” என்றாள்.

அன்னக்கொடி கண்டிப்பான பெண். அவள் மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் தராசே வெட்கப்படும் என்பார்கள். அன்றே வீட்டில் தண்ணீர்க் குடத்தை அடுக்களைக்குள் வைத்துப் பூட்டினாள். கடையிலிருந்த மண்பானையைக் கவிழ்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் இதே கடையில், மூட்டைகள்மேல் சாய்ந்து கிடந்தவர் உதட்டை நக்கிக்கொண்டே கேட்டார். “ஒரு வாயி குடு அன்னம். நாக்கு ஒட்டுது.”

“குடிச்சதெல்லாம் போதாதா?”

“ஆண்டிச்சாமி சத்தியமா நான் குடிக்கல.”

“ஒங்க பேருமேலயே நீங்க சத்தியம் பண்ணிக்கிருவீகளோ?” என்றாள் அன்னக்கொடி.

பக்கத்துக் கடையில்கூடச் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆட்டோவில் விளாங்குடிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று. ‘நோயாளி தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை’ என்று சென்டரில் எழுதினார்கள்.

அன்றிலிருந்து எட்டு மாதமாகப் பானை கவிழ்ந்தே கிடக்கிறது. யாராவது தண்ணீர் கேட்டால் அன்னக்கொடி எதிர்க்கடைக்குக் கை காட்டுவாள்.

கருமாதி அன்றைக்குக் கேபிள் ஆண்டிச்சாமி வந்து ஒரு கதை சொன்னார். புதன்கிழமை தன் முறைக்குப் போனபோது, “நீங்க திங்கக்கிழமை இறந்துட்டீங்க சார். செத்தவங்களுக்கு டோக்கன் போட முடியாது” என்று கவுண்டரில் சொன்னார்களாம். “செத்தவனுக்கு ஒரு டீயாச்சும் குடுங்கப்பா” என்று கேட்டாராம். பிறகு தன் பதிவுச் சீட்டை அச்சடித்து வாங்கிப் பார்த்தால், பெ. ஆண்டிச்சாமி என்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தாராம். அந்த ஆள் செவ்வாய், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நாலு நாள் வந்திருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு எடை. ஐம்பத்தாறு. கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒரே ஆளென்று சேர்த்து ஒட்டிவிட்டது, தன் எடையை வெங்காயத்தின் தலையில் கட்டிவிட்டது, ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ தண்ணீரை அவர் உடம்பிலேயே விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார்.

அன்னக்கொடி பந்தியிலிருந்து அவரை எழுப்பி விட்டாள். பல்லில் கேபிளைக் கடித்தவர் சொல்வதை யார் நம்புவது? ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் அன்னக்கொடிக்குள் இருந்த காரணம் வேறு. கேபிள் சொல்வது பொய்யென்றால், அவள் ஒரு பிடிவாதக்காரரைக் கண்டித்த பெண்டாட்டி. உண்மையென்றால், குடிக்காத மனிதரின் நாக்கை ஒட்டவிட்டு, அவருடைய சத்தியத்தை நாலு பேர் சிரிக்கக் கேலி செய்து அனுப்பியவள். முதலாவதை வைத்துக்கொண்டு எப்படியோ எட்டு மாதம் சோறு இறங்கியது. இரண்டாவதை வைத்துக்கொண்டு ஒரு வாய் இறங்காது.

சரண்யாதேவி ஸ்கூட்டியை நிழலில் நிறுத்திவிட்டு மடிக்கணினியோடு உள்ளே வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்து, பானை கண்ணில் பட்டு, அன்னக்கொடி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

“தாயி, இவரு என்ன சொல்லி ஒன்னைய இழுத்துக்கிட்டு வந்தாரோ எனக்குத் தெரியாது. சென்டர்ல எழுதிக் குடுத்துட்டாங்க. அதோட முடிஞ்சுச்சு.”

“சென்டர்ல எழுதினதப் பத்தி நான் பேச வரலம்மா” என்றாள் சரண்யாதேவி. “நாங்க வச்சிருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனில வாங்கினது இல்ல. ஓப்பன் சோர்ஸ். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ள என்ன எழுதிருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். யாரு, என்னைக்கு, எதை மாத்தினாங்கன்னும் அதுலயே இருக்கும். அழிக்க முடியாது.”

“நம்ம ரோட்டோர டெலிபோன் பெட்டி மாதிரி மதினி” என்றார் கேபிள், ஆசை தாங்காமல். “ஆனா பூட்டு இல்ல. போற வார எவனும் கதவத் தெறந்து எந்த வயரு எங்க போகுதுன்னு பாத்துக்கலாம். பூட்டுன பெட்டியா இருந்திருந்தா நான் செத்தவன் செத்தவனாவேதான் இருந்திருப்பேன்.”

சரண்யாதேவி திரையை மூட்டைமேல் வைத்துத் திருப்பினாள். ஆங்கில எழுத்து அன்னக்கொடிக்கு ஓடாது. எண் ஓடும். வெங்காயக் கடைக்காரிக்கு எண் எந்தப் பாஷையிலும் ஓடும்.

“ஒரே பேரு, ஒரே பொறந்த தேதி, ஒரே ஊரு, ஆம்பளை. இந்த நாலும் ஒத்துப்போச்சுன்னா ஒரே ஆளு, தானாச் சேத்துருன்னு புதுசா ஒரு விதி எழுதிருந்தாங்க. கடைசியாப் பதிஞ்ச எடைய வச்சுக்கும். எழுதினவங்க ஊர்ல அது சரி. நம்ம ஊர்ல…” அவள் கேபிளைப் பார்த்தாள். “சார் சொன்னதக் கேட்டு, இத எழுதுறவங்க எல்லாரும் கூடுற பக்கத்துல முறையீடு எழுதினேன். மேனேஜர்ட்ட கேட்டிருந்தா எழுதாதேன்னிருப்பாரு. அதான் கேக்கல.”

“பத்துப் பக்கம் நான் சொன்னேன்” என்றார் கேபிள். “இது ஒன்றரைப் பக்கமாச் சுருக்கிருச்சு. ஹெட்மாஸ்டர் டீ குடிக்கப் போனதக்கூட வெட்டிருச்சு.”

“அவங்க மொதல்ல நம்பலம்மா. ஒரே நாள்ல பதினோரு பேரு எப்படிப் பொறப்பாங்கன்னு கேட்டாங்க. காதத் தொடுற கதையச் சொன்னேன். அப்புறம் ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு நர்ஸ் எழுதினாங்க. அவங்க ஊர்ல தேதி தெரியாதவங்க எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு போடுவாங்களாம். அங்கயும் ரெண்டு பேரு ஒருத்தராயிட்டாங்களாம். அதுக்கப்புறம் அந்த விதிய எடுத்துட்டாங்க. எடுத்ததோட விடல. இதப் பாருங்க.”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் எண். எழுபத்தொன்று, அறுபத்திரண்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்து நாலு. மொத்தம் பதினோரு வரி. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு குறி.

“பதினோரு ஆண்டிச்சாமி. ஒரே பேரு, ஒரே தேதி, வேற வேற எடை. இந்த சாஃப்ட்வேர்ல யாரு எந்த ஊர்ல ஒரு எழுத்த மாத்தினாலும், வெளிய விடுறதுக்கு முன்னாடி இந்தப் பதினோரு பேரையும் உள்ள அனுப்பிப் பாக்கும். பதினோரு பேரும் தனித்தனியா வெளிய வந்தாத்தான் விடும். ஒருத்தர் கொறைஞ்சாலும் நிறுத்திரும். இதப் பயன்படுத்துற நாடு நாப்பது இருக்கும்.”

கேபிள் ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சந்தை முழுக்கத் திரண்டு நின்று பார்க்காதது அவருக்குப் பெரிய குறைதான். “உத்தரவு வாங்கிட்டுத்தான் போகணும்னேன். பொய்யா?”

அன்னக்கொடி ஒரே ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு. அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு தேசத்தின் வாசலில்.

“தப்பா எழுதினது யாரு?”

“பேரு இருக்கும்மா. குளிர் நாட்டுக்காரரு. சம்பளத்துக்கு எழுதினது இல்ல, உதவியா எழுதினது. முறையீட்டுக்குக் கீழ அவரே பதில் போட்டிருக்காரு.” சரண்யாதேவி திரையைத் தள்ளித் தமிழில் படித்தாள். “‘இந்த விதியை எழுதியது நான். இப்படியும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இறந்தவரின் வீட்டார் என்றைக்காவது இதைப் பார்த்தால், தவறு என்னுடையது.’”

“இத யாரு வேணும்னாலும் பாக்கலாமா?”

“உலகமே பாக்கலாம்.”

வெளியே தக்காளிப் பெட்டி ஒன்றை யாரோ கல்லில் இழுத்துப் போனார்கள்.

“எங்க சென்டர்ல அந்தப் புதுசைப் போட்டது நான்தாம்மா” என்றாள் சரண்யாதேவி, திரையைப் பார்த்தபடியே. “செப்டம்பர் பதினொண்ணு. வியாழக்கிழமை. நான்தான் பொத்தான அமுக்கினேன்.”

“அவன் செத்ததுல எனக்கும் ரெண்டு கிலோ பங்கு இருக்கு மதினி” என்றார் கேபிள். அதில் மிகை ஒன்றும் இல்லை. அவர் குரலில் மிகை இல்லாதபோது அது வேறு யாருடைய குரலோபோல இருந்தது. “என் எடையச் சொமந்துக்கிட்டுத்தான் போனான். இத நான் நாப்பது நாட்டுல சொல்லிட்டேன். ஒங்ககிட்டதான் நம்புற மாதிரிச் சொல்ல முடியல.”

கல்லாப் பெட்டிக்கு அடியில் ஒரு நீல நோட்டு கிடந்தது. சென்டருக்குப் போகும்போதெல்லாம் வெங்காய ஆண்டிச்சாமி கொண்டுபோனது. இயந்திரத்தில் ஏறும் முன் எடை, இறங்கிய பின் எடை என்று ஒவ்வொரு முறையும் அதில் குறிப்பார்கள். திரையிலேயே எல்லாம் இருப்பதால் சென்டரில் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அவர் போன பிறகு அன்னக்கொடியும் திறக்கவில்லை. இப்போது குனிந்து எடுத்து, சருகைத் தட்டி, கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய். ஏறும்போது ஐம்பத்தேழு. இறங்கும்போது ஐம்பத்து நாலு.

பன்னிரண்டு, வெள்ளி. ஏறும்போது ஐம்பத்தாறரை. இறங்கும்போது ஐம்பத்தாறு.

அவள் விரல் அங்கே நின்றது. மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறவள். பக்கத்திலேயே படுத்திருந்த மனிதருக்கு இரண்டு கிலோ கூடியது அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறு, செவ்வாய். ஐம்பத்தெட்டரை, ஐம்பத்தாறு. அன்றைக்குத்தான் நர்ஸ் சத்தம் போட்டாள். அன்றைக்குத்தான் பூட்டு.

பத்தொன்பது, வெள்ளி. ஏறும்போது ஐம்பத்தேழு.

அன்னக்கொடி கழித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் அவருக்கு எப்போதும் இரண்டரை கிலோ ஏறும். முந்தின பக்கம் முழுக்க அப்படித்தான். இந்தத் தடவை ஒரே கிலோ. மூன்று நாள் சோறு, குழம்பு, மாத்திரை விழுங்கிய தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கிலோ. இன்னொரு முறை கழித்தாள். எண் மாறவில்லை. அவளுக்கு எண் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

“என்ன மதினி?” என்றார் கேபிள்.

அவள் நோட்டை மூடவில்லை. அப்படியே விரித்துச் சரண்யாதேவியின் மடிக்கணினிமேல் வைத்தாள். “இந்தப் பக்கத்தையும் அதுல ஏத்து தாயி. எல்லாரும் பாக்குற எடத்துல.” பிறகு மூலைக்குப் போய், எட்டு மாதமாகக் கவிழ்ந்து கிடந்த பானையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். அடியில் தரை வட்டமாக வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“நீங்க சொன்னது நெசந்தான் கொழுந்தனாரே. அவரு குடிக்கல.”